எட்டாம் மாதமும் அந்த நான்கு ஊசியும்

கேள்வி:

என் மகளுக்கு இது தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, இடுப்பு வலிக்கிறது என்றாள். சூட்டு வலியாக இருக்கும் என்று சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில் லேசாக ரத்தம் பட்டது. பயந்துபோய் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். அங்கே நர்ஸ் ஓர் ஊசியைப் போட்டு, சீட்டு எழுதி, 108 வண்டியில் தஞ்சாவூருக்கு அனுப்பினார். தஞ்சாவூரில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக இன்னும் மூன்று ஊசி போட்டார்கள். ‘குழந்தையின் நுரையீரலுக்கு’ என்றார்கள். வலி நின்றுவிட்டது, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது 32 வாரம்.

வந்த பிறகுதான் அது ஸ்டீராய்டு என்று மாப்பிள்ளை போனில் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து சம்பந்தியம்மா தினமும் கேட்கிறார், ‘பிள்ளையின் மூளைக்கு ஒன்றும் ஆகாதே?’ என்று. மகளுக்கு ஏற்கெனவே கர்ப்பகால சர்க்கரை உண்டு. ஊசிக்குப் பிறகு அது எக்கச்சக்கமாக ஏறியது. குழந்தையின் அசைவும் இரண்டு நாள் குறைந்த மாதிரி இருந்தது. ‘ஏழு மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டு மாசத்துப் பிள்ளை தங்காது’ என்று வேறு சொல்கிறார்கள். ஊசி நல்லதென்றால் வாரா வாரம் போட்டுக்கொள்ளலாமா? என் மருமகளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். அவளுக்கும் முன்கூட்டியே போட்டு வைத்துவிடலாமா?

— ஒரு வாசகி, ஒரத்தநாடு வட்டம்

பதில்:

அம்மா, உங்கள் மகளுக்குப் போட்டது சரியான ஊசி, சரியான வாரத்தில் போடப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் முதல் ஊசியைப் போட்டு அனுப்பினாரே, அதுவும் சரிதான். மருமகள் விஷயத்தில் மட்டும் உங்கள் யோசனையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த மருந்தின் பெயர் டெக்ஸாமெத்தசோன். வேளைக்கு 6 மில்லிகிராம், 12 மணி நேர இடைவெளியில் நான்கு வேளை, தசையில் போடுவது. நான்குக்கும் சேர்த்து மருந்தின் விலை நூறு ரூபாயைத் தொடாது. அரசு மருத்துவமனையில் அந்தச் செலவும் கிடையாது. உடம்பை ஏற்றிக் காட்டப் பயில்வான்கள் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு வேறு வகை. இது நம் அட்ரினல் சுரப்பியில் சுரக்கும் கார்ட்டிசாலின் இனம். மாதம் நிறைந்து வரும்போது வயிற்றுக் குழந்தையின் உடம்பே கார்ட்டிசாலைக் கூடுதலாகச் சுரந்து, நுரையீரலைப் பிறப்புக்குத் தயார் செய்துகொள்கிறது. முந்திப் பிறக்கப்போகிற குழந்தைக்கு அதற்கு அவகாசம் இல்லை. அந்த வேலையை வெளியிலிருந்து ஊசி தொடங்கி வைக்கிறது.

வயிற்றில் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரலில் காற்று கிடையாது, நீர்தான். பிறந்ததும் காற்றுப் பைகள் விரிய வேண்டும். விரிந்தவை மூச்சை வெளியே விடும்போது மறுபடி ஒட்டிக்கொள்ளவும் கூடாது. நனைந்த பாலித்தீன் பையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டால் பிரிப்பதற்கு என்ன பாடு படுகிறோம்! அப்படி ஒட்டவிடாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்கிற ஒரு பூச்சு. 24 வாரம் வாக்கில் சுரக்கத் தொடங்கும் இது, போதுமான அளவுக்கு வர 34, 35 வாரம் ஆகிவிடும். அது இல்லாமல் பிறந்த குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் முதல் மூச்சுதான். நெஞ்சுக்கூடு உள்ளே இழுக்கும், மூக்கு விடைக்கும், முனகும், சில மணி நேரத்தில் களைத்துப் போகும். இந்தக் குழந்தைகளின் நோய்க்குக் காரணம் சர்ஃபாக்டன்ட் குறைவுதான் என்று அமெரிக்காவில் மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் கண்டு எழுதியது 1959-இல்.

காரணம் தெரிந்ததே தவிர கையில் மருந்து இல்லை. 1963 ஆகஸ்ட் 7-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஓர் ஆண் குழந்தை பிறந்தது. எடை 2.1 கிலோ. நம் ஊர் வார்டில் அந்த எடையைப் பார்த்தால் இன்றைக்கு யாரும் பதற மாட்டார்கள். பேட்ரிக் என்று பெயர் வைக்கப்பட்ட அந்தக் குழந்தை ஏறத்தாழ 39 மணி நேரம் மூச்சுக்குப் போராடி இறந்துபோனது. உலகத்தின் வலிமையான நாட்டின் அதிபரால் வாங்க முடியாத ஒன்றை உங்கள் மகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள்.

வழி கண்டவர் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்து மகப்பேறு மருத்துவர் கிரஹாம் லிக்கின்ஸ். அவர் தேடியது நுரையீரலை அல்ல. பிரசவ வலியைத் தொடங்கி வைப்பது எது என்று பார்க்க, சினை ஆடுகளின் வயிற்றிலிருந்த குட்டிகளுக்கு ஸ்டீராய்டு செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டுக்குச் சினைக்காலம் சுமார் 150 நாள். ஸ்டீராய்டு ஏற்றிய ஒரு குட்டி 117-ஆம் நாளிலேயே பிறந்துவிட்டது. பிழைக்கவே கூடாத குட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதைக் கவனித்ததுதான் கண்டுபிடிப்பு. குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து, குறைப்பிரசவ ஆபத்தில் இருந்த 282 தாய்மார்களிடம் சோதித்து, 1972-இல் முடிவை வெளியிட்டார். ஊசி போடாத பக்கம் நூற்றுக்கு 15 குழந்தைகள் பிறந்த சில நாட்களில் இறந்தன. போட்ட பக்கம் 3 சொச்சம்.

இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும் உலகத்து மருத்துவர்கள் இதைக் கையில் எடுக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. எங்கள் தொழிலின் பெரிய வெட்கங்களில் இது ஒன்று. ஒவ்வோர் ஆய்வும் தனியே பார்க்கச் சிறியதாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோதுதான் உண்மை எழுந்து நின்றது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துச் சீர்தூக்கும் காக்ரேன் அமைப்பு தன் சின்னத்திலேயே இந்த ஊசி பற்றிய ஆய்வுகளின் வரைபடத்தை வைத்திருக்கிறது. அதன் 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பில் 27 ஆய்வுகள், பதினோராயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார்கள். ஊசி போட்டதால் பிறந்த குழந்தைகளின் இறப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. மூச்சுத் திணறல் நோயும் குறைந்தது. சம்பந்தியம்மா கவலைப்படும் மூளைக்கும் வருகிறேன்: குறைமாதக் குழந்தைகளுக்கு மூளைக்குள் ஏற்படும் ரத்தக்கசிவு ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. 32 வாரத்துக்குள் பிறக்கிற குழந்தையின் மூளைக்கு உண்மையான எதிரி அந்த ரத்தக்கசிவுதான்.

பிள்ளை வளர்ந்த பிறகு என்ன ஆகும் என்றும் கேட்பார்கள். லிக்கின்ஸும் ஹோவியும் சோதித்த அந்த ஆக்லாந்துக் குழந்தைகளை 30 வயதில் கூப்பிட்டுப் பார்த்தார்கள், 50 வயதிலும் பார்த்தார்கள். ஊசி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் அறிவுத்திறனிலோ இதய நோயிலோ கவலைப்படும்படி வித்தியாசம் இல்லை. இவ்வளவு காலம் பின்தொடரப்பட்ட மருந்து கர்ப்பகாலத்தில் வேறு உண்டா என்பதே சந்தேகம்.

சர்க்கரை ஏறியது ஊசியின் வேலைதான். இந்த இனத்து ஸ்டீராய்டு எதுவும் ஏற்றும்; சில நாளில் தானாக இறங்கிவிடும். கர்ப்பகால சர்க்கரை இருப்பவருக்கு அந்த நாட்களில் இன்சுலின் அளவைக் கூட்ட வேண்டி வரலாம். அதனாலேயே அவரை மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பது நல்லது. சர்க்கரைக்குப் பயந்து ஊசியை மறுக்க வேண்டாம். அசைவு இரண்டு மூன்று நாள் குறைவதும் எங்களுக்குத் தெரிந்ததே, மறுபடி வந்துவிடும். ஆனால் இன்றைக்கு அசைவு குறைந்தால் அந்த ஊசியின் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். உடனே காட்டுங்கள்.

வாரா வாரம் போடலாமா என்றால், கூடாது. ஒரு காலத்தில் அப்படிப் போட்டுக்கொண்டும் இருந்தோம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2008-இல் வந்தது. கூடுதல் பலன் ஒன்றும் இல்லை. குழந்தைகளின் எடையும் நீளமும் தலைச் சுற்றளவும் குறைந்திருந்தன. இந்த ஊசியின் முழுப் பலன் முதல் ஊசிக்கு ஒரு நாளுக்குப் பிறகு தொடங்கி ஏழு நாள் வரை இருக்கிறது. ஒரு வாரம் கடந்தும் பிரசவம் ஆகாமல், 34 வாரத்துக்குள் மறுபடி பிரசவம் ஆகிவிடும் என்று மருத்துவருக்குத் தோன்றினால் இன்னும் ஒரே ஒரு சுற்று போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கிறது. உங்கள் மகள் இப்போது அந்த இடத்தில்தான் இருக்கிறார். மறுபடி வலி வந்தால் முடிவெடுப்பது மருத்துவரின் வேலை. ஆனால் முதல் சுற்று எந்தத் தேதியில், எத்தனை மணிக்குப் போடப்பட்டது என்று தெரியாமல் அவர் முடிவெடுக்க முடியாது.

இப்போது உங்கள் மருமகள். வலி இல்லை, கசிவு இல்லை, பிரசவம் முந்தும் என்பதற்கு எந்த அறிகுறியும் இல்லை. அப்படிப்பட்டவருக்கு ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று போடும் ஊசி அல்ல இது. இது என் பிடிவாதம் அல்ல, நம் நாடும் கலந்துகொண்ட ஓர் ஆய்வில் கற்ற பாடம். இந்தியாவின் பெலகாவி, நாகபுரி உட்பட ஆறு நாடுகளின் கிராமப் பகுதிகளில் சுமார் ஒரு லட்சம் பிரசவங்களை வைத்துப் பார்த்தார்கள். இந்த ஊசியைக் கீழ்மட்ட சுகாதார ஊழியர் கைவரை கொண்டுபோனால் உயிர் மிஞ்சும் என்று எல்லோரும் நம்பினோம். 2014 அக்டோபரில் வந்த முடிவு முகத்தில் அறைந்தது. எடை குறைந்த குழந்தைகளுக்குப் பலன் தெரியவில்லை. மொத்தத்தில் பார்த்தால் ஆயிரத்துக்கு மூன்று நான்கு குழந்தைகள் கூடுதலாக இறந்திருந்தன, தாய்மார்களுக்குக் கிருமித்தொற்றும் கூடியிருந்தது. வாரக் கணக்கு சரியாகத் தெரியாததால், ஊசி பெற்றவர்களில் பெரும்பாலோர் சின்னக் குழந்தையைப் பெறவே இல்லை. மாதம் நிறைந்து பிறந்த குழந்தைகள் தேவையில்லாத மருந்தை வாங்கிக்கொண்டன. பிறந்த பிறகு கவனிக்கத் தகுந்த இடமும் பல ஊர்களில் இல்லை.

அதே ஆண்டு ஜூனில்தான் நம் மத்திய அரசு, 24 முதல் 34 வாரத்துக்குள் வலி கண்ட பெண்ணுக்குக் கிராம சுகாதாரச் செவிலியரே முதல் ஊசியைப் போட்டு மேல் மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்று வழிகாட்டியிருந்தது. இரண்டும் முரண்படவில்லையா என்று கேட்பீர்கள். நான் முரணாகப் பார்க்கவில்லை. உங்கள் மகளின் வாரக் கணக்கு ஸ்கேனில் உறுதியாகியிருந்தது, வலியும் உதிரமும் கண்ணுக்குத் தெரிந்தன, ஊசி போட்ட கையோடு பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிற மருத்துவமனைக்கு வண்டி கிளம்பிவிட்டது. இந்த மூன்றும் சேர்ந்தால் ஊசி காப்பாற்றும். 2020-இல் அதுவும் உறுதியானது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் 2852 தாய்மார்களிடம், வாரத்தை ஸ்கேனில் சரிபார்த்து, இதே டெக்ஸாமெத்தசோனைப் போட்டுப் பார்த்தார்கள். பிறந்த குழந்தைகளின் இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 சதவீதமாக இறங்கியது. ஏறக்குறைய 25 தாய்மார்களுக்குப் போட்டால் ஓர் உயிர். பலன் தெளிவாகிவிட்டதால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் பீட்டாமெத்தசோன் என்று இருக்குமே என்று மாப்பிள்ளை கேட்கக்கூடும். அங்கே ஆய்வுகளில் போட்டது நெடுநேரம் நிற்கிற கலவை. இங்கே வழக்கமாகக் கிடைப்பது சீக்கிரம் கரைந்துபோகிற வகை. அதனால்தான் நம் அரசு டெக்ஸாமெத்தசோனைத் தேர்ந்தெடுத்தது. ஊசிக்குப் பதில் பிரெட்னிசொலோன் மாத்திரை போடலாமா என்றால், நஞ்சுக்கொடி அதைப் பெரும்பாலும் சிதைத்துவிடும், குழந்தைக்குப் போய்ச் சேராது.

எட்டாம் மாதத்துக் கதைக்கு வருவோம். இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க நூல்களிலேயே எட்டு மாதக் குழந்தை பிழைக்காது என்று ஒரு நூல் இருக்கிறது. அங்கேயும் தப்பு, இங்கேயும் தப்பு. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். 33 வாரத்துக் குழந்தை 29 வாரத்துக் குழந்தையைவிட எல்லா வகையிலும் பலசாலி. இந்த நம்பிக்கையில் ஓர் ஆபத்தும் உண்டு. எட்டாம் மாதத்தில் வலி வந்தால் ‘எப்படியும் தங்காது’ என்று மெத்தனமாக இருந்துவிடுகிறார்கள். நம் கணக்கில் எட்டாம் மாதம் நடக்கிறது என்றால் ஏறத்தாழ 30-லிருந்து 34 வாரம். ஊசிக்கு மிகப் பொருத்தமான காலமே அதுதான்.

மாதக் கணக்கு வேண்டாம், வாரக் கணக்கைக் கேட்டு வையுங்கள் என்று நான் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்வது இதற்காகத்தான். பாட்டி ஏழு என்பார், மாமியார் எட்டு என்பார், ஊசி போட வேண்டியவர் யாரை நம்புவார்? முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் சொல்லும் வாரம்தான் நம்பத் தகுந்தது. ஆறாம் மாதத்துக்குப் பிறகு எடுக்கும் ஸ்கேனில் இரண்டு மூன்று வாரம் முன்னே பின்னே போய்விடும். உங்கள் மருமகளுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உபகாரம் அந்த முதல் ஸ்கேன் அறிக்கையைத் தொலையாமல் வைத்திருப்பதே.

சீரகத் தண்ணீர் கொடுத்ததற்காக உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். டெல்டா முழுக்க எந்த வீட்டிலும் அதுதான் முதல் வைத்தியம். ஆனால் அந்த ஓர் இரவு இன்னொரு பெண்ணுக்கு அதிகமாகிவிடலாம். 37 வாரத்துக்கு முன் வயிறு விட்டு விட்டு இறுகினால், இடுப்பு வலி அலை அலையாக வந்தால், பனிக்குட நீர் கசிந்தால், துளி ரத்தம் பட்டால், அது சூடா வலியா என்று வீட்டில் தீர்மானிக்க வேண்டாம். ஊசி வேலை செய்ய நேரம் வேண்டும். நான்கும் முடியாவிட்டாலும், முதல் ஊசி விழுந்த சில மணி நேரத்திலிருந்தே ஓரளவு பலன் உண்டு. நீங்கள் கசாயம் வைக்கிற நேரம் அதிலிருந்துதான் கழிகிறது.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொன்று. நடவுக்கும் களைக்கும் போகிற கர்ப்பிணிகள் வயலில் ஒதுங்க இடமில்லாமல் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள், சிறுநீரை அடக்குகிறார்கள். சிறுநீர்த் தொற்று குறைப்பிரசவ வலியைத் தூண்டக்கூடியது. எரிச்சல் இல்லாமலேகூடத் தொற்று இருக்கும். மருமகள் அப்படி வேலைக்குப் போகிறவராக இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

குழந்தை பிறந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே தாயைக் கொண்டு போவதுதான் நல்லது. அம்மாவின் வயிற்றை மிஞ்சிய ஆம்புலன்ஸ் கிடையாது. தஞ்சாவூர் ராஜா மிராசுதார் மருத்துவமனை, திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரிகள், கும்பகோணம் தலைமை மருத்துவமனை என்று இன்றைக்கு இடங்கள் இருக்கின்றன. தூரம் வரைபடத்தில் குறைவாகத் தெரியும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்குத்தான் உண்மைத் தூரம் தெரியும். கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கரை கடந்த பிறகு வேதாரண்யம் பக்கத்துச் சாலைகளில் மரங்கள் விழுந்து கிடந்ததை இந்த வட்டாரம் மறந்திருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் ஆபத்துள்ள மாதத்தில் இருப்பவர்கள் மழை அறிவிப்பு வந்தால் முன்கூட்டியே மருத்துவமனை இருக்கிற ஊருக்கு வந்துவிடுவது மேல்.

பேரப்பிள்ளை முந்தியே பிறந்தாலும் கலங்க வேண்டாம். மூக்கு வழியாக இடைவிடாத அழுத்தத்தில் காற்றுக் கொடுக்கும் கருவி இருக்கிறது, தேவைப்பட்டால் சர்ஃபாக்டன்ட் மருந்தையே நுரையீரலுக்குள் விடுவார்கள். எடை குறைந்த குழந்தையை ‘பெட்டியில்’ வைப்பது மட்டும் வைத்தியம் அல்ல. தாயின் வெற்று நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைக்கும் கங்காரு பராமரிப்பைப் பிறந்த உடனே தொடங்கினால் இறப்பு கால்வாசி குறைகிறது என்று இந்தியாவும் பங்கேற்ற ஆய்வு 2021-இல் காட்டியது. தாய்க்கு முடியாதபோது பாட்டியின் நெஞ்சும் உதவும். அந்த வேலைக்கு நீங்கள் தயாராக இருங்கள்.

மகளின் மருத்துவ அட்டையை இப்போதே எடுத்துப் பாருங்கள். நான்கு ஊசியின் பெயர், தேதி, நேரம், அப்போது எத்தனை வாரம் என்பது அதில் இல்லையென்றால், டிஸ்சார்ஜ் சீட்டோடு கிராம சுகாதாரச் செவிலியரிடம் போய் எழுதி வாங்குங்கள். மாமியார் வீடு, அம்மா வீடு, எங்கே போனாலும் அந்த அட்டை மகளின் கூடவே போகட்டும்.